தானியின் கானாவளி

அன்பு மகள் நீலாம்பிகைக்கு, முதோளிலிருந்து அப்பா எழுதுவது. நான், உன் அம்மா, தானி, எருமை எல்லோரும் சௌக்கியம். எருமை கொஞ்சம் கூடுதலாகவே சௌக்கியம், காரணம் பின்னால் வருகிறது. நீயும் தில்லி வெயிலில் உருகிப் போகாமல், விடுதிச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே தட்டைக் காலி செய்துகொண்டு நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. சைக்கிள் தேர்வுப் போட்டியை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன், தங்கச்சி தானியின் கையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே. எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது என்று உனக்குத் தெரியும், அதனால் முடிவை முதலில் சொல்லிவிட்டேன், காரணத்தை இனிமேல் படி. போனில் சொல்லலாம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா அழுது முடிப்பதற்குள் உங்கள் விடுதியில் கொடுக்கிற நேரம் முடிந்துவிடுகிறது.

அம்மாவைப் போலவே தட்டுகிறேன் என்று சூடான ரொட்டிக்கல்லில் தானி வைத்த வலது உள்ளங்கை, நீ கிளம்பும்போதே ஆறிவிட்டது. ஆறின பிறகுதான் சிக்கலே. புதுத் தோல் சுருங்கிச் சுருங்கி விரல்களை உள்ளே இழுக்கிறது. தினமும் விரித்து நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நாகபஞ்சமிக்குள் கை தட்டையாக விரியாவிட்டால் கத்தி வைக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்கு வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிப் புரியவைப்பது, தொடப் போனாலே முஷ்டியை மடக்கி அக்குளில் செருகிக்கொண்டு வீடு அதிரக் கத்துகிறாள். சரி, இது நம் துறை என்று நான் இறங்கினேன். சர்க்கரை ஆலையில் இப்போது அரவை இல்லை, ஓவர்ஹால் காலம். கழித்துப்போட்ட பிரஷர் கேஜின் முள்ளையும் முகப்பையும் எடுத்து, அலுமினியப் பட்டையில் கீல் வைத்து, ஸ்பிரிங் போட்டு, விரல் எவ்வளவு விரிகிறது என்று முள் காட்டுகிற மாதிரி ஒரு கருவி செய்தேன். வேலை சுத்தம், நீ பார்த்திருந்தால் மெச்சியிருப்பாய். தானி ஒரே ஒரு தடவை மாட்டிக்கொண்டாள். மறுநாள் காணோம். தேடினால் எருமைத் தொட்டியில் கிடக்கிறது, தோல் வாரை எருமை தின்று ஏப்பமும் விட்டாயிற்று. உன் அம்மா கஸ்தூரி சும்மா இருப்பாளா, “விடுங்க, எருமைக்காவது விரல் நீளட்டும்” என்றாள்.

அப்புறம்தான் பாகல்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே குழந்தைகள் அறையில் சுமங்கலா என்று ஒரு பெண், பிசியோதெரபி படித்தவள், என்னைவிட இளையவள், வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. லீவு போட்டு பஸ் பிடித்துப் போனால் அவள் தானியோடு தரையில் உட்கார்ந்து சோளமாவில் ரொட்டி விளையாடிக்கொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் பொறுத்தேன். என் பொறுமைதான் உனக்குத் தெரியுமே. சிகிச்சை எப்போதம்மா ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டுவிட்டேன். “ஆரம்பிச்சு அரை மணி ஆச்சு சார். நீங்கதான் நடுவுல வந்து கெடுக்கறீங்க” என்றாள். நான் பையிலிருந்து கோணமானியை எடுத்ததுதான் தாமதம், “அதை உள்ளே வைங்க சார். நீங்க சாப்பிடறப்ப ஒருத்தன் பக்கத்துல நின்னு உங்க வாயை அளந்தா சோறு எறங்குமா?” என்று கேட்டு என்னை வெளியே அனுப்பிவிட்டாள். நான் என்ன லேசில் விடுகிற ஆளா, வராந்தாவில் பிடித்து, இந்த விளையாட்டில் என்னம்மா வைத்தியம் இருக்கிறது என்று சண்டைக்கே போனேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “சுட்டுக்கிட்ட நாள்லேருந்து எல்லாரும் அவளுக்கு ஏதாச்சும் செஞ்சுக்கிட்டே இருக்கோம் சார். கட்டு போடறோம், பிரிக்கறோம், புடிச்சு இழுக்கறோம். இங்க மட்டும்தான் அவ முதலாளி. அந்த ரொட்டிக்கல்லு அவ சொன்னா சுடும், ஆறுன்னா ஆறும். பயம் அப்படித்தான் போகும். நெனப்பு ரொட்டி மேல இருந்தா கை தானா விரியும், கை மேல போனா மூடிக்கும்.” கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அளந்து பார்க்காத வேலையை நான் எந்தக் காலத்தில் நம்பினேன், முதோள் வரும் வரைக்கும் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

அந்த வாரம் மண் எருது செய்து கும்பிடுகிற மண்ணெத்து அமாவாசை. எருது பிடிக்க வாங்கி வைத்த களிமண்ணில் பாதி, எருதுக்குக் கொம்பு வைப்பதற்குள்ளேயே மாயம். பார்த்தால் மாதுளைச் செடியடியில் தானி ரொட்டிச் சாப்பாட்டுக் கடை, அதுதான் நம் ஊர்க் கானாவளி, திறந்துவிட்டாள். மூன்று கல் வைத்து அதன்மேல் பெயின்ட் டப்பா மூடி, அதுதான் ரொட்டிக்கல். கூழாங்கல்தான் எண்ணெய்க் கத்தரிக்காய், செங்கல் பொடிதான் காரச் சட்னி. இத்தனை நாளாக அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத பிள்ளை, “கல்லு சூடா இருக்கு, யாரும் தொடாதீங்க, எனக்கு மட்டும்தான் தெரியும்” என்று எருமைக்கு உத்தரவு போடுகிறது. ஆலையிலிருந்து வந்த என்னைப் பார்த்ததும், “உக்காருங்க அண்ணா, ரெண்டு ரொட்டியா மூணு ரொட்டியா?” என்றாள். பெற்ற அப்பன் அண்ணாவாகிவிட்டேன், சரி, உட்கார்ந்தேன். இடது கை மட்டும் மண்ணைத் தட்டுகிறது, வலது கை மடியில் சுருண்டு கிடக்கிறது. என் வாய் சும்மா இருக்குமா, அந்தக் கையாலும் தட்டு, விரலை நீட்டு என்று சொல்லிவிட்டேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், “ஹோட்டல் மூடியாச்சு, போங்க” என்று சொல்லி எல்லாவற்றின் மேலும் சாக்கை இழுத்துப் போட்டுவிட்டாள். உள்ளே உன் அம்மா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அடுத்த நாள் சாயங்காலம் எனக்கு நிஜமாகவே பசி, பாய்லர் வால்வு ஒன்று பகலெல்லாம் உயிரை வாங்கியிருந்தது. கானாவளி மறுபடி திறந்திருந்தது. கோணல்மாணலாக ஒரு மண் ரொட்டி என் முன்னால் வந்து விழுந்தது. நான் சிகிச்சை, கோணம் எல்லாவற்றையும் மறந்து, எந்த ஹோட்டலிலும் எப்படிப் பேசுவேனோ அப்படியே, “என்னம்மா இது, ரொட்டியா, கன்வேயர் பெல்ட்டுத் துண்டா? ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் ஓட்டை. இதை மனுஷன் திம்பானா?” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, பிள்ளை அழப்போகிறது என்று நினைத்தேன். அவளோ இடுப்பில் கைவைத்து, “பசின்னா பறக்கக் கூடாது. வாய மூடிக்கிட்டு உக்காருங்க, வேற தட்டித் தரேன்” என்றாள். உன் அம்மா தினமும் எனக்குச் சொல்கிற அதே வார்த்தை, அதே குரல். நான் வாயை மூடிக்கொண்டு மாதுளைச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தேன், கையைப் பார்த்தால் கடையை மூடிவிடுவாளே. முதலில் தப், தப் என்று ஒற்றைக் கைச் சத்தம். அப்புறம் என்னையும் என் பெல்ட்டுப் பேச்சையும் நினைத்துக் கோபம் ஏறியிருக்க வேண்டும், சத்தம் மாறியது. தப்படத் தப்படத் தப்பட என்று, விடிகாலையில் அம்மா ரொட்டி தட்டும்போது நீ தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு திட்டுவாயே, அந்தச் சத்தம். பம்பு சரியாக ஓடுகிறதா என்று நான் காதால் சொல்வேன், இது இரண்டு உள்ளங்கை. அடுக்களை வாசலில் உன் அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள், நான் அவளையும் பார்க்கவில்லை, பார்த்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம், வியாபாரம் கெட்டிருக்கும். இரண்டாவது ரொட்டியைக் கையில் வாங்கிப் புரட்டி, இது பரவாயில்லை, ஆனால் ஓரம் சரியில்லை, இன்னொன்று போடு என்றேன். விளக்கு வைக்கும் வரைக்கும் போட்டாள்.

அன்றிலிருந்து தினமும் கடை உண்டு. உன் அம்மா ஒரு நாள் எனக்குப் பதிலாக உட்கார்ந்து, ரொம்ப நல்லா இருக்கு கண்ணு என்று கொஞ்சினாள், அவ்வளவுதான், முதலாளியம்மா கடையைக் கட்டிவிட்டு நாய்க்குட்டி பார்க்கப் போய்விட்டாள். குறை சொல்கிற வாடிக்கையாளருக்குத்தான் நம் கானாவளியில் மரியாதை. போன வாரம் பாகல்கோட்டையில் சுமங்கலா, தானிக்குத் தெரியாமல் விளையாட்டோடு விளையாட்டாக அளந்து பார்த்தாள். மூன்று விரல் கிட்டத்தட்ட நேராகிவிட்டது, இப்படியே போனால் கத்தி வேண்டியிருக்காது என்று டாக்டரும் சொல்கிறார். சுண்டு விரல் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. நடந்ததைச் சொன்னதும் சுமங்கலா, “பரவாயில்ல சார், உங்க குணத்தாலயும் ஒருத்தருக்கு நல்லது நடந்திருக்கு” என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை, கோணமானியை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகவே நீ வந்து செய்ய இங்கே ஒன்றும் இல்லை. ஓடுகிற வேலையை நிறுத்திவிட்டு வருவதுதான் பாசம் என்று எவன் சொன்னான். போட்டியில் ஓட்டு, வளைவில் பிரேக்கைத் தொடாதே, ராத்திரி பால் குடி, முட்டிக்கு எண்ணெய் தேய். ஜெயித்தால் சந்தோஷம், தோற்றால் அடுத்த வருஷம். பசவண்ணன் துணையிருப்பான், எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உண்டு, தானி தன் பங்குக்கு, அக்கா சைக்கிளுக்குக் காத்து அடிச்சுக்கோ என்று சொல்லச் சொன்னாள். ஒரே ஒரு வேலை மட்டும் உனக்கு இருக்கிறது. இத்துடன் பழைய துணியில் சுற்றி ஒரு மண் ரொட்டி அனுப்புகிறேன், தில்லி அக்காவுக்குப் பார்சல் என்று தானியே தட்டிக் காயவைத்தது. உடையாமல் வந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார், அவள் வலது உள்ளங்கை முழுசாகப் பதிந்திருக்கிறது. சுண்டு விரல் இருக்க வேண்டிய இடம் மட்டும் மேடாக இருக்கும். பார்த்துவிட்டு அழுவதானால் அழுதுகொள், ஆனால் அருமை, அழகு என்று எழுதித் தொலைக்காதே, நான்தான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். பெரிய எழுத்தில், கோபமாக எழுது: ரொட்டி அந்த ஓரத்தில் தடிமனாக இருக்கிறது, அமுக்கித் தட்டி வேறு அனுப்பு.

உன் பதிலுக்கு ஒரு முதலாளி காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
அவள் கடையின் முதல் வாடிக்கையாளன்,
உன் அப்பா சங்கமேஷ்