நான் எழுதிய புடவை விதி

கருமத்தம்பட்டி
14.7.96, ஞாயிறு

அன்பு மகள் செல்விக்கு,

மாதா புண்ணியத்தில் நான் நடமாட்டமாக இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் பூனா மழையில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். போன வாரம் நீ பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தபோது கருப்பாத்தாள் மகன் கதிரேசன் எடுத்து, உங்கள் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்று சுடிதார் போட்ட டீச்சரைத் துரத்திவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னானாம். அது பொய். ரிட்டயர் ஆகிப் பதினொரு வருடத்தில் பள்ளிக் கமிட்டிக் கூட்டத்துக்குத் தவிர நான் அந்த வாசலை மிதித்ததில்லை. அந்த டீச்சர் எழிலைத் திருப்பி அனுப்பியது தாளாளர் சுந்தரராஜுலு. ஆனால் அவர் கையில் பிடித்திருந்த புடவை விதிக் காகிதம் நான் எழுதியது, கீழே என் கையெழுத்துத்தான் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

எழில் கணக்கு டீச்சர், சோமனூரிலிருந்து மொபெட்டில் வருகிற பெண், போன வருடம்தான் சேர்ந்தாள். திருப்பி அனுப்பிய மறுநாள் நம் வீட்டுக்கு வந்தாள். அப்போதும் சுடிதார்தான், துப்பட்டா கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. நான் வழக்கம்போல மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, விதி விதிதான் அம்மணி, எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். அவள் கோபப்படவில்லை. ஏனுங்க டீச்சரம்மா, ஒரு நிமிசம் பாருங்க என்று இடது காலைக் காட்டினாள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்து மருந்து போட்டிருந்தது. போன மாதம் மழையில் புடவை பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டதாம். முந்தானை கழண்டு போயிருந்தா புடவையோட போயிருக்குமுங்க, நீங்க ரூல்ல எழுதுன மாதிரி தோள்ல ஒண்ணு மடிப்புல ஒண்ணுன்னு ரெண்டு பின்னு குத்தியிருந்தேனுங்க, அது விடாம என்னையும் சேத்து இழுத்துப்போட்டுச்சுங்க, பின்னாடி லாரி வராததுதான் புண்ணியம் என்றாள். காபி போடுகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போய் வெகு நேரம் நின்றேன்.

அந்த விதியை நான் ஏன் எழுதினேன் என்று உனக்கு ஒருபோதும் சொன்னதில்லை. கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் எங்களுக்கு நகத்திலிருந்து பாவாடை ஓரம் வரை பார்ப்பார்கள். ஆனால் படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் இருந்தது என் அம்மா அன்னூர்ப் பக்கம் பருத்திக் காட்டு வேலைக்குக் கட்டிய புடவைதான். முதல் வருடமே இன்ஸ்பெக்டர் வந்தார். வகுப்பு வாசலில் நின்ற என்னைப் பார்த்து, ஏம்மா, குடிக்கத் தண்ணி கொண்டாந்து குடுத்துப்போட்டு டீச்சரை வரச் சொல்லு என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான்தானுங்க டீச்சர் என்றேன். அவர் முகத்தைவிட என் முகம்தான் சுருங்கிப்போனது. தலைமையாசிரியை ஆன அன்று, எல்லா டீச்சரும் ஒரே மாதிரி வெள்ளைப் புடவை, நீலக் கரை, கஞ்சி போட்டது, இரண்டு பின் என்று எழுதினேன். யார் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று எவனும் துணியைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதினேன். இன்று அதே காகிதத்தைக் காட்டி ஒரு பெண்ணை வெளியே அனுப்புகிறார்கள். சுந்தரராஜுலுவிடம் பேசிப் பார்த்தேன். நீங்க போட்ட ரூலுங்கம்மா, நாங்க காபந்து பண்ணிட்டு இருக்கறோம், இப்ப நீங்களே இப்படிச் சொன்னா எப்படிங்க என்று சிரிக்கிறார். கருப்பாத்தாள் வேறு, நாங்கெல்லாம் ஊட்டுக்காரரு சட்டையப் புடவை மேல மாட்டிட்டுத்தான் தறிக்குப் போறோமுங்க, எங்கள எவன் கேக்கறான், டீச்சரா இருந்தாத்தான் இந்தக் கெரகமெல்லாம் என்கிறாள். அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

சனிக்கிழமை கமிட்டி கூடுகிறது. அந்த விதியை நானே எடுத்துவிடச் சொல்லப் போகிறேன். ஐந்து பேரில் என் பக்கம் இன்னொருவர் வந்தால் பெரிது. சுடிதார் எனக்குப் பிடித்துவிட்டதா என்றால் இல்லை, இன்னும் பிடிக்கவில்லை, அது வேறு. ஆனால் எழிலுக்காகப் பேசுவதற்கு முன் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் அங்கே வாய் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை. டிப்ளமோ முடித்ததும் அவினாசி ரோட்டில் பம்பு கம்பெனியில் உனக்கு வேலை கிடைத்ததே, ஒரு மாதம் மெஷின் பக்கம் பேண்ட் சட்டை போட்டு நின்றாய், பிறகு உன்னை மேலே ஆபீசில் உட்கார்த்தி டெண்டர் டைப் அடிக்க விட்டார்கள். பெண் என்பதால் மேனேஜர் ஒதுக்கிவிட்டார் என்று நீ மூன்று வருடம் அழுதாய். அவர் ஒதுக்கவில்லை. நான்தான் போய் உன்னை மெஷின் பக்கமிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்டேன். உன் அப்பா இறந்து அப்போது இரண்டு வருடம், தகப்பன் இல்லாத பெண்ணை விதவை எப்படிப் பேண்ட் மாட்டி அனுப்புகிறாள் பார் என்று ஊர் பேசும் என்று பயந்தேன். அந்த மேனேஜர் மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். பொண்ணு கை நல்லா ஓடுதுங்க டீச்சர், கெடுத்துப்போடாதீங்க என்று கெஞ்சினார். நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன், டீச்சர் சொல்லைத் தட்ட அவரால் முடியவில்லை. நீ அவரைத் திட்டிக்கொண்டு சாப்பிட்டபோது நான் ரசம் ஊற்றிக்கொண்டே, ஆம்பளைகள் அப்படித்தான் கண்ணு என்று சொன்னேன். அந்த வார்த்தைதான் இப்போது தூங்கவிடவில்லை. நீ கோவையை விட்டுப் போனதற்கு அவர் காரணம் இல்லை, நான்தான்.

பூனா கம்பெனியில் உன் கீழ் வேலை செய்கிறவர்கள் உன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, நீ என்ன உடுத்துகிறாய் என்றும் நான் கேட்டதில்லை. மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் காப்பாற்றட்டும். மழையில் நனைந்த ஷூவை அப்படியே மாட்டிக்கொண்டு போகாதே, காயவைத்துப் போடு.

இதைப் படித்ததும் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்யாதே. அங்கே ஐந்து பேர் நிற்பார்கள், நீயும் பரவாயில்லை அம்மா என்று சொல்லிவிடுவாய். என் மேல் உனக்கு என்ன இருக்கிறதோ அதை உன் கையால் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
அ. செபமாலையம்மாள்