போதும் என்று ஒரு பெயர்

ஜூலை 3, 2024 – புதன்

இன்று எங்கள் ஷூ கம்பெனிக்கு எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் அம்மா ஒருவர் வந்திருந்தார். என் லைனில் நின்று தையலை விரலால் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். பேர் கேட்டார். போதும்பொண்ணு என்றேன். அர்த்தம் என்ன என்றார். கூட வந்த எங்கள் மேனேஜர் கௌதம் சார் கொஞ்சம் தயங்கி, "இனஃப் கேர்ள்" என்றார். அந்தம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என் தோளைத் தொட்டு ஏதோ முணுமுணுத்தார். என்ன சொன்னார் என்று கௌதம் சார் சொல்லவில்லை.

தொடாமலே போயிருக்கலாம்.

ஜூலை 5

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் பேருக்கு அர்த்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மெஷின் தூபா சொன்னாள்: "எங்க தாதா, அதான் எங்க தாத்தா, வெச்சாங்க. சொர்க்கத்துல இருக்கிற மரமாம்." என் பேரை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் குத்தியது.

ஜூலை 6

நவநீதம் என்றால் வெண்ணெயாம். தோல் பதனிடும் மண்டியில் வேலை செய்துவிட்டு, சுண்ணாம்பு வாடையோடு வரும் என் வீட்டுக்காரர் நவநீதன் – வெண்ணெய்! அவர் பேருக்கே ஒரு நல்ல அர்த்தம் இருக்கிறது.

ஜூலை 9

பேரை மாற்றப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "இத்தினி வருஷமா இல்லாத பேஜாரு இப்ப இன்னா? நான் பொண்ணுன்னுதான கூப்டறேன்?"

அவருக்கென்ன தெரியும். நாலாவதும் பெண்ணாய்ப் போனதால் அப்பா எனக்கு இந்தப் பேரை வைத்தார், அப்படியும் ஆறாமல் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். ஊரே சொல்லும் கதை இது. நான் பையனாகப் பிறந்திருந்தால் அம்மா தனியாக நின்றிருக்க மாட்டாள்.

ஜூலை 14, ஞாயிறு

பேரணாம்பட்டுக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பேரை மாற்றப் போகிறேன் என்றேன். "மாத்திக்கோ" என்றாள், தலை நிமிராமல். அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"அந்த மனுஷன் வெச்ச பேர நான் ஏன் சுமக்கணும்? நான் வேணாம்னுதான இந்தப் பேரு?"

அம்மா கையிலிருந்த இலையைக் கீழே போட்டாள். "யாரு வெச்ச பேரு? நான் வெச்சேண்டி."

எனக்குப் புரியவில்லை.

"உன்னப் பெத்துப் போட்ட மறுநா, உங்கப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்து, அடுத்ததாச்சும் பையனா பெறுன்னு சொல்லிட்டுப் போனான். மூணாவதுக்கே நான் செத்துப் பொழச்சவ. அவன்கிட்ட சொல்லாம ஆபரேஷன் பண்ணிக்கினேன். பாப்பாவுக்கு இன்னாம்மா பேருன்னு நர்சம்மா கேட்டுது. போதும்பொண்ணுன்னு எழுதிக்கோன்னேன். அவனுக்குத் தெரியட்டும்னு. தெரிஞ்சிது. போய்ட்டான்."

"அப்ப நான் பொறந்ததுக்காகப் போகலியா?"

"நான் இனிமே பெத்துக்க மாட்டேன்னதுக்குப் போனான். உன்ன வேணாம்னா சொன்னேன்? நீ போதும்னு சொன்னேன்."

ஜூலை 15

தையல் கோணிக்கொண்டே போகிறது.

ஏன் இத்தனை வருஷம் சொல்லல? ஊரு பேசறப்பெல்லாம் வாயத் தொறந்து ஒரு வார்த்தை? என்னைக் கூப்பிடும்போதெல்லாம் அவளுக்கு ஜெயித்த மாதிரி இருந்திருக்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் அடி. இரண்டு பேரும் ஒரே பேரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஜூலை 17

இனி மாற்றக் கூடாதோ? மாற்றினால் அவள் சொன்னதை நான் அழிப்பதாகுமோ? மாற்றாவிட்டால் – தோளைத் தொடுகிற ஒவ்வொருத்தருக்கும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிவேனா?

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

மறுபடியும் பேரணாம்பட்டு. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேவிட்டேன்.

பீடி முறத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு, "ஊரு அவன் மேல பழியப் போட்டுச்சி. எனக்கு சௌரியமா இருந்துச்சி. அது உம்மேலயும் விழும்னு தோணல கண்ணு" என்றாள்.

அழ வேண்டும் போலவும் இருந்தது, கத்த வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. பேரை என்ன செய்வது என்றேன்.

"யாருக்கு சொல்லணுமோ அவன் காதுல அது விழுந்துடுச்சி. அதோட அந்தப் பேரு வேல முடிஞ்சிது. நீ ஏன் இன்னும் தூக்கினு திரியற?"

"அப்ப புதுப் பேரு நீயே வெச்சுக் குடு."

"ஒருவாட்டி வெச்சதே போதும்டி. இந்தவாட்டி நீ வெச்சிக்கோ."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

ஜூலை 30

நந்தினி. மகிழ்விப்பவள் என்று பேர்ப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. மகள் என்றும் ஒரு பொருள். பேர் மாற்ற விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 20

அரசிதழில் வந்துவிட்டது. கம்பெனியில் ஆளுக்கொரு மாதிரி கூப்பிடுகிறார்கள். பாதி நேரம் என் காதில் விழுவதில்லை. சரியாகத்தான் செய்தேனா?

டிசம்பர் 12, வியாழன்

அம்மாவுக்குக் கண் பார்க்க வேலூர் போனோம். நல்ல கூட்டம். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். கூட வந்தவர் பேர் கேட்டபோது என் புதுப் பேரை நான்தான் சொல்லியிருந்தேன். நர்ஸ் இரண்டு முறை கூப்பிட்டாள். யாரையோ என்று நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா கண்ணைத் திறக்காமலே முழங்கையால் என்னை இடித்தாள்.

"ஏண்டி நந்தினி, உன்னத்தான் கூப்டறாங்க. போ."