பன்னிரண்டு சென்டிமீட்டர் களிமண்

ஜனவரி 9, வெள்ளி. பூதலூர்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த இடத்திலும் இன்று மதியம் என் பேராசிரியரோடு வீடியோ காலில் சண்டை. அண்டார்டிகாவின் பனிப்படலம் எப்போது முன்னேறியது, எப்போது பின்வாங்கியது என்று அங்கே கடலடியில் துளையிட்டு எடுத்த மண்ணை வைத்து நான்கு வருடமாக ஆராய்ந்து வருகிறேன். அந்த மண்ணில் மேலேயும் கீழேயும் நுண்பாசி ஓடுகள் நிறைந்த சேறு. அப்போது அங்கே திறந்த கடல் இருந்திருக்கிறது. நடுவில் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் கல் கலந்து இறுகிய களிமண். பின்வாங்கிய பனி திரும்பி வந்து அழுத்திய இடம் அது.

“அது வெறும் மண்சரிவும்மா. கட்டுரையிலேர்ந்து எடுத்துடு” என்றார். பனி ஒரே போக்காகப் பின்வாங்கியது என்று அவர் முன்பே எழுதிவிட்டார்.

“சரிஞ்சு வந்திருந்தா பாசி ஓடும் கலந்திருக்கணும் சார். மூணு தடவ பாத்துட்டேன், ஒண்ணுகூட இல்ல.”

“அப்போ என் பேரை எடுத்துடு. வேலைக்குச் சிபாரிசுக் கடிதமும் எங்கிட்ட கேக்காத.”

“சரிங்க சார்.” சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தேன்.

அறுப்புக்குப் போய்த் திரும்பிய அம்மா வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். “பெரிய மனுசனப் பகைச்சுக்கிட்டா வேலை கெடைக்குமா பாப்பா?”

“கெடைக்காமப் போகலாம்மா. அதுக்காக இருக்கிறத இல்லன்னு எழுத முடியாது.”

அம்மா கால் கழுவப் போனாள். அவளுக்குப் பயம். எனக்கும்தான். ஆனாலும் சாயங்காலமே அவர் பெயரை எடுத்துவிட்டு, என் பெயரை மட்டும் வைத்துக் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். அந்தக் களிமண்ணின் படத்தை முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன்.