வளைவின் உள்பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் அதே விடை. இருபது லட்சம் முறை பாரம் ஏறி இறங்கினாலும் தாங்கும் என்கிறது கணினி. மேசைமேல் கிடக்கிற இரும்புக் கையோ வெள்ளோட்டத்திலேயே விரிசல் விட்டிருக்கிறது. ரோப்கார் பெட்டியை வடத்தில் பிடித்துத் தொங்கவிடும் கை இது. அதுவும் விரிசல் எங்கே? உடையும் இடம் என்று என் கணக்கு சிவப்பாகக் காட்டும் போல்ட் துளையில் இல்லை. வளைவின் உள்பக்கத்தில்.

எங்கள் ஆய்வகத் தலைவர் எட்டிப் பார்த்தார். "ஒரு பீஸ்ல இரும்பு கோளாறும்மா. அப்படியே எழுதிக் குடுத்துடு. மாசக் கடைசியில ரோப்காரைத் திறக்கணுமாம்."

எண்பது பெட்டிகள். எல்லாவற்றிலும் இதே கை. எப்படி எழுதிக் கொடுப்பேன்?

மார்ச் 5

கணக்கை இன்னும் நுணுக்கினேன். இரண்டு மடங்கு நேரம், அதே விடை.

மார்ச் 7, வெள்ளி

இந்தக் கைகளைச் செய்யும் பட்டறைக்கே போய்விட்டேன். 'சூடாக்கி வளைக்கவும்' என்கிறது வரைபடம். உலை எங்கே என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"அது படுத்து ஒரு வருஷமாச்சும்மா. இப்ப சூடு பண்ணாமலே அழுத்தி வளைச்சிடுறோம். வடிவம் ஒண்ணுதானே?"

வடிவம் ஒன்றுதான். ஆனால் உள்ளே? குளிர்ந்த இரும்பை அமுக்கிவிட்டால், திரும்ப நிமிரப் பார்க்கும். முடியாமல் உள்வளைவில் இழுத்துக்கொண்டே நிற்கும். பெட்டி தொங்குவதற்கு முன்பே அங்கே பாதி பாரம் ஏறியிருக்கிறது. முதலில் சோதித்துச் சான்றிதழ் வாங்கியதெல்லாம் சூடாக்கி வளைத்த கைகள். நானும் அலுங்காத இரும்பிலிருந்தே கணக்கைத் தொடங்கியிருக்கிறேன். மக்கு!

மார்ச் 11

நேரான பட்டையிலிருந்து தொடங்கி, கணினியிலேயே அழுத்தி வளைத்து, விட்டு, பிறகு பாரம் ஏற்றினேன். பதினோரு முறை கணக்கு பாதியில் நின்றது. பன்னிரண்டாவது முறை ஓடியது. உள்வளைவு ரத்தச் சிவப்பு. ஆறு லட்சத்துப் பத்தாயிரத்தில் உடையுமாம்.

தலைவர் முகம் சுளித்தார். "உன் கம்ப்யூட்டர் சொல்லுதுன்னு எண்பது பெட்டியை நிறுத்தச் சொல்றதா?"

"வேண்டாம் சார். பட்டறையிலேர்ந்து புதுக் கை ஒண்ணு எடுத்து உடைச்சுப் பார்ப்போம்."

மார்ச் 13, வியாழன்

காலை பத்துக்குச் சோதனை இயந்திரம் ஓடத் தொடங்கியது. நொடிக்கு ஓர் இழுப்பு. அதை ஓட்டும் அண்ணன் சிரிக்கிறார்: "முப்பது வருஷமா உடைக்கிறேன்மா. துளையிலதான் போகும்."

மார்ச் 18

நாலு லட்சத்து முப்பதாயிரம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஒரு கீறல்கூட இல்லை. அக்கா போனில், "இன்னும் கம்பியைத்தான் வளைச்சிட்டிருக்கியா?" என்று கேட்டாள். சிரிக்கத் தோன்றவில்லை. ஒருவேளை தப்பா? நான்தான் பிடிவாதம் பிடிக்கிறேனா?

மார்ச் 20, வியாழன்

உடைந்தது!!

காலை எட்டு பத்து. கதவைத் திறந்து உள்ளே ஓர் அடிதான் வைத்தேன் — 'டப்'. இயந்திரம் தானாக நின்றது. 5,98,240. என் கணக்குக்குப் பன்னிரண்டாயிரம்கூடக் குறையவில்லை. உள்வளைவில், நான் சிவப்பு காட்டிய அதே இடத்தில், சுத்தமாக இரண்டு துண்டு.

அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டார். "எங்கேருந்தும்மா உள்ள பூந்து பார்த்தே?"

துண்டுகளோடு தலைவர் அறைக்கு ஓடினேன். உடைந்த பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். போனை எடுத்தார். "இல்ல, திறக்க முடியாது. எண்பதையும் மாத்தணும். எங்க ஆய்வாளர் கண்டுபிடிச்சிருக்காங்க... ஆமா, *அவங்க* சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு குதித்தேன். நாற்பத்தொரு வயசுல!

மே 5, திங்கள்

உலை சரியாகி, சூடாக்கி வளைத்த புதுக் கையைச் சோதனை இயந்திரத்தில் ஏற்றி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்று அண்ணன் கோபமாக வந்து நின்றார்.

"இருபத்தேழு லட்சம் தாண்டிருச்சும்மா. உடையவே மாட்டேங்குது. எனக்கு வேற வேலையில்லையா? கழட்டிடட்டுமா?"

"கழட்டிடுங்க அண்ணே" என்றேன்.