வலது காதில் இருந்த குரல்

என் ஆசை பாவாவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. ஆடிக் கிருத்திகைக்கு வந்த காவடியெல்லாம் மலையேறி இறங்கிவிட்டது. துக்க வீட்டார் வருஷம் திரும்பும்வரை மலை ஏறக்கூடாதாம். ஏறலாம் என்றாலும் அக்கா ஏறியிருக்க மாட்டாள். "என் தாலியைப் பறிச்ச அந்த முருகன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன், போ" என்கிறாள்.

உன் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். உன் பொக்கிஷம் அதில் அப்படியே இருக்கிறது. பெரு நாட்டிலும் பிரேசிலிலும் ஐம்பது வருஷத்துக்கு முன் நீள முடிக்காரப் பையன்கள் வாசித்த சைக்கடெலிக் ராக், போதை ஏறினாற்போல் கிதார் சுழன்று அலறும் பாட்டு. எதையோ தேடப்போய் இது அகப்பட்டு, அன்றிலிருந்து பைத்தியமாகிவிட்டாய். காலை ரயிலில் ஒரு பக்கம் பஜனை கோஷ்டி, மறுபக்கம் சீட்டாட்டம், நடுவில் நாம் இரண்டு பேர், ஒரே இயர்போன். வலது உனக்கு, இடது எனக்கு. "இன்னா பாவா, கிதாருக்கு சாமி வந்துட்ச்சா?" என்று கேட்பேன். நீ சிரிப்பாய்.

எல்லாம் வெறும் வாத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். "எப்படி அழறான் பார்றா" என்பாய். கிதாரைச் சொல்கிறாய் என்று நானும் "ஆங் பாவா" என்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக இரண்டு காதிலும் மாட்டிக் கேட்டேன். வலது பக்கம் ஒருவன் பாடுகிறான்! அந்தக் காலத்து ரிக்கார்டில் வாத்தியத்தை ஒரு காதுக்கும் குரலை மறு காதுக்கும் பிரித்துவிட்டிருக்கிறார்கள். பாஷை புரியவில்லை, அழுகை புரிந்தது. இரண்டு வருஷம் உன் தோளை உரசிக்கொண்டு பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறேன். அந்த அழுகையில் உனக்கு என்ன இருந்தது பாவா?

அத்தோடு போயிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கடைசிக் காலையில் திருவள்ளூர் தாண்டியதும், "நெஞ்சு ஒரு மாதிரி இறுக்கமா கீதுடா" என்றாய். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பாட்டில் இருந்தேன். அதற்கும் "ஆங் பாவா" என்றேன். அம்பத்தூரில் இறங்கிக் கையாட்டிவிட்டு வேலைக்குப் போனேன். நீ வில்லிவாக்கம் பிளாட்பாரத்தில் விழுந்தாய். நடுவில் வந்த ஆவடியிலேயே உன் கையைப் பிடித்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தால்? ஏன் நீ இன்னொரு தடவை சொல்லவில்லை?

"கடைசியா உன்கிட்ட இன்னாடா சொன்னாரு?" என்று அக்கா இன்னமும் கேட்கிறாள். "ஒண்ணும் இல்லக்கா, பாட்டு கேட்டுகினு வந்தாரு" என்கிறேன். அதை நம்பி, "சந்தோஷமாத்தான் போனாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அவளுக்கு மிச்சம் இருக்கும் ஆறுதல் அது ஒன்றுதான். அதுவும் என் பொய். எனக்குச் சோறு இறங்கவில்லை பாவா.

இன்று அவளிடம் சொல்லிவிடுகிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. பிறகு அவள் என் முகத்தில் முழிக்காவிட்டாலும் சரி. முருகன்மேல் இருக்கிற கோபம் எனக்குச் சேரவேண்டியது. வருஷம் திரும்பியதும் அவளாவது மலை ஏறட்டும்.

"ஆங்" சொன்ன உன் மச்சான்,
தணிகாசலம்