நாலே கால் மணி நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்கக்கூட நேரமில்லை. காலையிலிருந்து பதினோரு முறை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அப்பாவைப் பற்றித்தான் என்று தெரிந்திருக்கும். கடிதமென்றால் திட்டிக்கொண்டாவது படிப்பாய் என்று மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

அப்பாவின் வலது காலில் இரத்த ஓட்டம் நின்றுவிட்டது. சர்க்கரை செய்த வேலை. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும். நாளை மாலை நான்கைத் தாண்டினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்பாவோ சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறார். "அவன் வரட்டும், போடறேன்" என்று ஒரே பிடிவாதம். ஆறு வருடம் உன் பேச்சையே எடுக்காத மனிதர்.

நேற்று அவருடைய பர்ஸில் அடையாள அட்டையைத் தேடினேன். அம்மா இறந்தபோது நீ வந்த விமானச் சீட்டின் நகல் இருந்தது. புறப்பாடு 8.10, வருகை 12.25. கீழே பென்சிலில் கழித்திருந்தார்: 4.15. பஸ் டிப்போவில் முப்பது வருடம் நேரக்காப்பாளர் அல்லவா, அவருக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான். ஒன்று உன் ஊர்க் கடிகாரம், மற்றது நம் ஊர்க் கடிகாரம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அம்மா போனது முந்தின நாள் மாலை ஐந்துக்கு. நாலே கால் மணி நேரப் பயணத்துக்கு இரவெல்லாம் தூங்கி, காலை எட்டுக்கு ஆற அமரக் கிளம்பி, அடக்கம் முடிந்த பிறகு வந்தாய் என்று நினைத்துத்தான் உன்னை வாசலோடு திருப்பி அனுப்பினார். நீயும் ரோஷக்காரன், வாயைத் திறக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். ஊரார் பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்துகிற நான், அவர் மனதில் என்ன கணக்கு ஓடுகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

ஒன்பதாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், பதினொன்றே முக்கால் மணி நேரம் என்று அவரிடம் சொன்னேன். "பிளேன்னா பறக்கும்ல" என்றார். தாளில் இரண்டு கடிகாரம் வரைந்து காட்டினேன். உன் ஊர்க் கடிகாரம் ஏழரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, நீ ஏறியபோது இங்கே இரவு பன்னிரண்டு நாற்பது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்போ கிடைச்ச முதல் பிளேன்லயே ஏறியிருக்கான்" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். அம்மாவுக்குக்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மயக்க ஊசிக்குப் பிறகு கண் விழிக்காமல் போனால் என்ன செய்வது, அதற்கு முன் உன்னைப் பார்த்தாக வேண்டும் என்கிறார். சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

உன் ஊர் நேரப்படி நாளை காலை அதே விமானத்தில் இடம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். இறங்கி நேராக வந்தால் மூன்றுக்குள் மருத்துவமனை. அதை விட்டால் வேறு இல்லை.

வர முடியாதென்றால் போனிலாவது அப்பாவிடம் பேசி, கையெழுத்துப் போடச் சொல். உனக்கு மனசு ஆறவில்லை என்றால் அது நியாயம்தான். பொய்யாகவாவது "பரவாயில்லப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. நிஜக் கோபத்தை என் மேல் வைத்துக்கொள், நான் தாங்கிக்கொள்வேன்.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையுமின்றி நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா