மிளாவின் முறை

26.5.83, வியாழன்
நல்ல வெயில். ஐந்தருவியில் வெறும் பாறை. மேலே நான் கார்டாகக் காவல் பார்க்கும் பீட்டில் காட்டுச் சுனை சேறாகிவிட்டது. அதற்கு ஓடையில் வரும் கொஞ்சத் தண்ணீரையும் தோப்புக்கார அண்ணாச்சி வாய்க்கால் வெட்டித் தோப்புக்குத் திருப்பிவிட்டார். போய்ப் பேசினேன். பகலெல்லாம் தோப்புக்கு, மாலை ஆறு மணிக்கு மேல் மிளா மான்கள் குடிக்கும் சுனைக்கு என்று முடிவு.
"சரி, மிளாவுக்கும் ஒரு முறை வச்சுக்கிடுவோம். அதுக்கு நீருதான் முறைக்காரரு" என்றார். சிரித்துவிட்டேன்.
வாங்க: டார்ச் செல் 2, பூட்ஸ் லேஸ்.

28.5.83, சனி
மாலையில் நான் சுனைப் பக்கம் மடையைத் திறக்கிறேன், காலையில் அவர் அடைக்கிறார். சுனையில் முழங்கால் தண்ணீர். கரையில் குளம்புத் தடம், பெரிதும் சிறிதுமாக. தாயும் குட்டியும். ரொம்ப சந்தோஷம். ரேஞ்சரிடம் சொல்லவில்லை. காட்டுத் தண்ணீரைப் பங்கு வைக்க நீ யார் என்பார்.
லேஸ் மறந்துவிட்டது.

1.6.83, புதன்
ராயகிரி. மச்சினன் மகளுக்குக் காதுகுத்து. நேற்றே வந்தாயிற்று, நாளை மாலைதான் பஸ். பிள்ளை ஒரே அழுகை. அண்ணாச்சியிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். ஆளைக் காணோம் என்றால் அவரே திறந்துவிடுவார்.

3.6.83, வெள்ளி
காலையில் தோப்பு ஆள் வந்து கூப்பிட்டான். தாய் மிளா, தோப்புப் பாழுங்கிணற்றில். தண்ணீர் தேடித் தோப்பு மாட்டுத் தொட்டிக்கு இறங்கியிருக்கிறது, நாய்கள் விரட்டியிருக்கின்றன. கழுத்து ஒடிந்து கிடந்தது. மடியில் பால்.
"மூணு நாளா மடையத் தொறக்கலையா அண்ணாச்சி?"
"அது ஒம்ம முறைல்லா. அடுத்தவன் முறையில கைவச்சா இங்கன வெட்டுக்குத்துதான். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா தொறந்திருப்பேனே வே."
பொய் சொல்லவில்லை. அவர்கள் வழக்கம் அது. நான் திருவேங்கடத்துக்காரன், மழையை நம்பிய மானாவாரிக் காடு. மடையும் முறையும் எனக்கு என்ன தெரியும்.
ரிப்போர்ட் எழுதினேன். காரணம்: தவறி விழுந்தது. கையெழுத்து. மத்தியானம் நன்றாகவே சாப்பிட்டேன். அழுகை வரவில்லை.

6.6.83, திங்கள்
மடை திறந்தேன். சுனையில் தண்ணீர் உண்டு. சின்னத் தடம் இல்லை. லேஸ் வாங்கினேன்.

16.6.83, வியாழன்
சாரல். அருவியில் தண்ணீர், குற்றாலத்தில் கூட்டம். வழியில் அண்ணாச்சி. "இனி முறை எதுக்கு? தண்ணி எல்லாருக்கும் போவுதுல்லா."
ஆறு மணிக்கு மடைக்குப் போய் நின்றேன். திறக்க ஒன்றுமில்லை. சுனை நிறைந்து வழிகிறது. கரைச் சேற்றில் என் பூட்ஸ் தடம் மட்டும்.